ஒன்றரைக் குழு

மூன்று விமானப் பயணங்களுக்கு எத்தனை பணிக்குழுக்கள் வேண்டும் என்று கேட்டேன். ஒன்றரை என்றது கணினி.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அது. திரையில் 0.5, 0.5, 0.5 என்று மூன்று எண்கள் நின்றன. நான் எழுதியதில் எங்கோ பிழை என்று நினைத்து மாலை வரை தேடினேன். பிழை எதுவும் இல்லை. கணக்கே அப்படித்தான்.

அ, ஆ, இ என மூன்று பயணங்கள். இவற்றில் எந்த இரண்டையும் ஒரே குழுவிடம் கொடுக்கலாம். அதற்குச் செலவு 10. ஒரு குழு ஒரே ஒரு பயணத்தை மட்டும் பார்த்தால் செலவு 8. அஆ, ஆஇ, அஇ என்ற மூன்று ஜோடிகளிலும் பாதிப் பாதியை எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு பயணத்துக்கும் இரண்டு பாதிகள் சேர்ந்து ஒரு முழுக் குழு கிடைத்துவிடுகிறது. மொத்தச் செலவு 15. அரை மனிதரை வேலைக்கு அனுப்ப முடியாது என்று முழு எண்ணில் விடை கேட்டால், ஒரு ஜோடி, ஒரு தனி என்று 18 ஆகிவிடுகிறது. அந்த 15க்கும் 18க்கும் இடையே உள்ள பள்ளத்தைக் கடப்பதில்தான் என் பதினான்கு ஆண்டுகள் போயிருக்கின்றன. பாதி விமானங்களுக்கு, பாதி ரயில்களுக்கு.

கால அட்டவணை முடிவாகி, எந்த விமானம் எந்தப் பயணத்துக்கு என்பதும் முடிவான பிறகுதான் எங்கள் வேலை தொடங்கும். ஒரு விமானி தன் பேஸிலிருந்து, அதாவது நிறுவனம் அவருக்குப் பணியிடமாக ஒதுக்கிய ஊரிலிருந்து, புறப்பட்டு, இரண்டு மூன்று நாட்கள் பல ஊர்களுக்குப் பறந்து, இடையில் தங்கி ஓய்வெடுத்து, மீண்டும் அதே பேஸுக்குத் திரும்புவதை ஒரு சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பயணமும் சரியாக ஒரு சுற்றுக்குள் வர வேண்டும். எதுவும் விடுபடக்கூடாது. பள்ளியில் படித்த அணிகளை நினைவுபடுத்திக்கொண்டால் போதும்: பயணங்கள் நிரைகள், சுற்றுகள் நிரல்கள். ஒரு சுற்றில் ஒரு பயணம் இருந்தால் அந்த இடத்தில் 1, இல்லாவிட்டால் 0. எந்த நிரல்களைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு நிரையிலும் சரியாக ஒரே ஒரு 1 விழும், அதுவும் மிகக் குறைந்த செலவில்? கேள்வி அவ்வளவுதான். 1972இல் ரிச்சர்ட் கார்ப் வெளியிட்ட, தீர்க்கக் கடினமான 21 கணக்குகளின் பட்டியலில் இதன் நெருங்கிய உறவுகள் இருக்கின்றன.

கேள்வியைவிடக் கடினமானது அதன் அளவு. ஒரு பயணம் முடிந்ததும் அடுத்ததாக ஐந்து பயணங்களில் ஏதாவது ஒன்றைப் பிடிக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு நான்கு பயணம், மூன்று நாள் சுற்று என்றால் பன்னிரண்டு பயணங்கள், பதினோரு இணைப்புகள். ஐந்தைப் பதினோரு முறை பெருக்கினால் 4,88,28,125. இது ஒரே ஒரு தொடக்கப் பயணத்துக்கு. நூறு தொடக்கங்கள் இருந்தால் 488 கோடி. பேஸுக்குத் திரும்பாதவற்றையும் விதியை மீறுபவற்றையும் கழித்த பிறகும், மிஞ்சுவதை எழுதி வைக்கும் எண்ணமே வீண்.

விதிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 2014 ஜனவரி 4 முதல் பயணிகள் விமானங்களுக்கு நடைமுறையில் இருக்கும் விதிகளை எடுத்துக்கொண்டால், நள்ளிரவுக்குப் பின் தொடங்கும் டூட்டி 9 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. காலையில் தொடங்குவது 14 மணி நேரம் வரை போகலாம். இரண்டு டூட்டிகளுக்கு நடுவே குறைந்தது 10 மணி நேர ஓய்வு வேண்டும். அதில் இடையூறின்றி 8 மணி நேரம் தூங்க வாய்ப்பு இருக்க வேண்டும். ஒவ்வொரு 168 மணி நேரத்திலும் தொடர்ச்சியாக 30 மணி நேரம் விடுப்பு. 365 நாட்களில் 1,000 மணி நேரத்துக்கு மேல் பறக்கக்கூடாது. ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் பெரிய வாதப்பிரதிவாதம் இருக்கிறது. சில எண்களுக்குப் பின்னால் மரணங்கள் இருக்கின்றன. 2009 பிப்ரவரி 12 அன்று பஃபலோ அருகே கோல்கன் ஏர் 3407 விழுந்து, விமானத்தில் இருந்த 49 பேரும் தரையில் ஒருவரும் இறந்தார்கள். துணை விமானி தன் வீட்டிலிருந்து நியூவார்க்கில் இருந்த பேஸுக்கு வர, முந்தைய இரவு நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பறந்து வந்திருந்தார். எங்கள் நிரை-நிரல் அணியில் பேஸ் என்பது ஒரு குறியீடு. அந்த மனிதரின் கட்டில் எந்த ஊரில் இருக்கிறது என்பது அணியில் எங்கும் இல்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். அந்த விதிகள் சரக்கு விமானங்களைக் கட்டுப்படுத்தவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வேன். சரக்கு விமானியின் உறக்கம் எப்படி வேறானது என்று எனக்கு இன்றுவரை யாரும் விளக்கவில்லை.

சரி, 488 கோடி நிரல்களை எழுதாமலே அவற்றில் சிறந்ததைத் தேர்ந்தெடுப்பது எப்படி? இந்தத் தொழிலில் என்னைக் கட்டிப்போட்டது இந்தக் கேள்வியின் விடைதான்.

முதலில் கைக்குக் கிடைத்த சில ஆயிரம் சுற்றுகளை மட்டும் வைத்துக்கொண்டு, பாதி மனிதர்களை அனுமதித்தே கணக்கைத் தீர்க்கிறோம். விடையோடு சேர்ந்து இன்னொன்றும் கிடைக்கிறது: ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு விலை. பொருளியலில் இதை நிழல் விலை என்பார்கள். அந்தப் பயணத்தை நிரப்புவதற்கு இப்போதைய திட்டம் எவ்வளவு சிரமப்படுகிறது என்பதன் அளவு அது. மேலே சொன்ன மூன்று பயணங்களையே பாருங்கள். அங்கே ஒவ்வொன்றின் விலையும் 5. ஜோடியின் செலவு 10, அதில் உள்ள இரண்டு பயணங்களின் விலையும் 10. ஆகவே ஜோடி தன் இடத்துக்குத் தகுதியானது. தனிப் பயணத்தின் செலவு 8, விலையோ 5, அது தேவையில்லை.

இப்போது யாரோ ஒருவர் வந்து, மூன்றையும் ஒரே குழு பார்க்கும் வழி ஒன்று இருக்கிறது, செலவு 14 என்கிறார். மூன்றின் விலையும் சேர்ந்தால் 15. பதினைந்து மதிப்புள்ளதை அது பதினான்குக்குத் தருகிறது. உள்ளே எடுத்துக்கொள்கிறோம். மறுபடி தீர்த்தால் செலவு 14. பாதி மனிதர்களும் காணாமல் போய்விட்டார்கள்! 15 என்ற பொய்யான விடைக்கும் கீழே ஓர் உண்மையான விடை இருந்திருக்கிறது. அது எங்கள் பட்டியலில் இல்லாமல் போனதுதான் குறை.

ஆக, நிரல்கள் எல்லாவற்றையும் எழுத வேண்டியதில்லை. இன்றைய விலைகளைக் கையில் வைத்துக்கொண்டு, தன் செலவைவிட அதிக விலையுள்ள பயணங்களை அள்ளிக்கொண்டு வரும் ஒரு சுற்று இருக்கிறதா என்று மட்டும் தேடினால் போதும். கிடைத்தால் சேர்த்து, மறுபடி தீர்த்து, புது விலைகளோடு மறுபடி தேட வேண்டும். எங்கும் கிடைக்கவில்லை என்றால், எழுதாத கோடிக்கணக்கான நிரல்களில் எதுவுமே விடையை மேம்படுத்தாது என்பது நிரூபணமாகிவிடுகிறது. பார்க்காத ஒன்றைப் பற்றி இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிவது என்னை இப்போதும் சிலிர்க்க வைக்கிறது. 1960இல் டான்ட்சிக்கும் வுல்ஃபும் இதன் அடித்தளத்தைப் போட்டார்கள். 1961இல் கில்மோரும் கோமரியும் பெரிய காகிதச் சுருள்களை வீணாக்காமல் நறுக்குவது பற்றிய கணக்குக்கு இதைப் பயன்படுத்தினார்கள். காகிதம் நறுக்கும் வித்தை விமானிகளின் இரவுகளைப் பிரித்துக்கொடுக்க வந்தது பின்னர்தான்.

தேடும் பகுதி ஒரு வலைப்பின்னலில் நடக்கிறது. பயணங்கள் புள்ளிகள், சாத்தியமான இணைப்புகள் கோடுகள். பேஸிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு பாதையும் கையில் ஒரு சீட்டு வைத்திருக்கும். அதில் எத்தனை மணி நேரம் பறந்தது, எவ்வளவு நேரமாக டூட்டியில் இருக்கிறது, இன்று எத்தனை பயணம், செலவிலிருந்து விலைகளைக் கழித்தால் எவ்வளவு என்றெல்லாம் எழுதியிருக்கும். ஒரே பயணத்துக்கு இரண்டு சீட்டுகள் வந்து சேர்ந்தால் ஒப்பிடுவோம். எல்லா எண்களிலும் ஒன்று மற்றதைவிட மோசமாகவோ சமமாகவோ இருந்தால் அதைக் கிழித்துவிடலாம். எவ்வளவு சீட்டுகளைக் கிழிக்க முடிகிறதோ அவ்வளவு வேகம். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எஞ்சும் பாதிகளை முழுமையாக்க கிளைத்துக் கிளைத்துப் போக வேண்டும்: ஒரு கேள்விக்கு ஆம், இல்லை என்று கணக்கை இரண்டாகப் பிரித்து, இரண்டையும் தனித்தனியே தீர்ப்பது. இந்த முறையைத் தந்தவர்கள் ஐல்சா லாண்ட், அலிசன் டாய்க் என்ற இரண்டு பெண்கள்; 1960இல் வந்த கட்டுரை. எங்கள் கணக்கில் ஒரு சுற்றை எடு, எடுக்காதே என்று கிளைப்பது உதவாது. எடுக்காதே என்றால் அதைப் போலவே இன்னொன்று உடனே வந்து நிற்கும். அ-வும் ஆ-வும் ஒரே குழுவிடம் இருக்குமா இருக்காதா என்று கிளைப்பதுதான் பயன் தரும். 1981இல் ரயனும் ஃபாஸ்டரும் சொன்னது அது. ஓர் அட்டவணையைக் கையால் போடுகிறவரும் மனதுக்குள் இப்படித்தான் யோசிக்கிறார் என்பதைப் பிற்பாடு நேரில் பார்த்தேன்.

நிழல் விலைகளை அச்சிட்டு மேசையில் விரித்துப் படிப்பது என் பழக்கம். கணினி உள்ளுக்குள் பயன்படுத்திவிட்டுத் தூக்கி எறியும் எண்கள் அவை, யாரும் கேட்பதில்லை. ஒருமுறை, பெரும்பாலான பயணங்களின் விலை ஒன்றுக்கொன்று அருகருகே இருக்க, காலை 09:55க்குப் புறப்படும் ஒரு பயணத்தின் விலை மட்டும் மற்றவற்றின் மூன்று மடங்குக்கு மேல் நின்றது. அந்த ஊருக்கு முந்தைய இரவு 22:40க்கு ஒரு விமானம் வருகிறது. இறங்கிய பின் 30 நிமிடம் டூட்டிக் கணக்கில் சேரும், எனவே ஓய்வு 23:10க்குத் தொடங்கும். பத்து மணி நேரம் கழித்து 09:10. புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே ஆஜராக வேண்டும் என்பதால் 09:55 விமானத்துக்கு 08:55. பதினைந்து நிமிடம் போதவில்லை. இரவில் வந்த குழு அங்கேயே அடுத்த மாலை வரை சும்மா இருந்தது. காலை விமானத்துக்காக வேறொரு குழுவைப் பயணிகளாக இருக்கையில் உட்கார வைத்து முந்தைய நாள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். டெட்ஹெட் என்பார்கள் இதை. ஊதியமும் உண்டு, இருக்கையும் போயிற்று.

அட்டவணைப் பிரிவுக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன்: 09:55ஐ 10:10 ஆக்க முடியுமா? முடியும் என்றார்கள். அந்த நேரத்தை யாரும் யோசித்து வைத்திருக்கவில்லை, பழைய அட்டவணையிலிருந்து அப்படியே தொடர்ந்து வந்திருக்கிறது. மறுநாள் கணினியை ஓட்டியபோது அந்தப் பயணத்தின் விலை மற்றவற்றோடு போய்ச் சேர்ந்துகொண்டது.

இவ்வளவு அழகான கருவி எங்கே சறுக்குகிறது என்று சொல்லியாக வேண்டும்.

எங்கள் பிரிவில் முப்பது ஆண்டுகள் கையால் சுற்றுகள் போட்ட ஒருவர் இருந்தார். நீளமான தாள், வண்ணப் பென்சில்கள், தேய்ந்த ரப்பர். என் முதல் முழுமையான விடையை அவரிடம் கொடுத்தேன். அவருடைய திட்டத்தைவிடச் செலவு குறைவு. எல்லா விதிகளும் சரி. தாளை மெல்லப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு வரியைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டார். "இதைப் பாரம்மா. திங்கள் காலை பத்துக்கு வருகிறார். செவ்வாய் எட்டுக்கு. புதன் ஆறுக்கு. வியாழன் நாலரைக்கு. ஒவ்வொரு நாளும் பத்து மணி நேர ஓய்வு இருக்கிறது, விதிப்படி சரிதான். ஆனால் இந்த மனிதர் வியாழக்கிழமைக்காகப் புதன் மாலை ஆறரைக்குத் தூங்கிப்போக வேண்டும். உன்னால் முடியுமா?"

என்னால் முடியாது. யாராலும் முடியாது. உடலின் கடிகாரம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் பிந்திப் போவதைத் தாங்கிக்கொள்ளும். முந்தி வருவதை வெறுக்கும். அந்த வரியை நான் எழுதவில்லை. கணினி எழுதியது. ஆனால் அப்படி எழுதாதே என்று அதனிடம் நான் சொல்லியிருக்கவில்லை. இன்னும் தேடினால், திட்டம் முழுவதும் அந்த மாதிரி இடங்கள். ஓய்வு என்று எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் பத்து மணி நேரம், பத்து மணி ஐந்து நிமிடம். மீறக்கூடாத கடைசி எல்லை என்று விதி வகுத்தவர்கள் வைத்த எண்ணை, கணினி அன்றாட வழக்கமாக ஆக்கிவிட்டது. கையால் போட்டவர் அந்த எல்லையை ஆண்டுக்குச் சில முறைதான் தொட்டிருப்பார். அவருடைய திட்டம் கூடுதல் செலவாகத் தெரிந்ததன் காரணங்களில் ஒன்று இது. அவர் யாரிடமும் சொல்லாமல் ஆட்களின் உறக்கத்தைக் கணக்கில் சேர்த்துக்கொண்டிருந்தார்.

அந்த விடை பெரிய மாற்றம் இல்லாமல் நடைமுறைக்குப் போயிற்று. மூன்றாவது வாரம் ஒரு பணிப்பெண் எங்கள் பிரிவுக்கே வந்து நின்றார். கோபமாகப் பேசவில்லை. தன் ரோஸ்டரை, அதாவது பணிப் பட்டியலை, காட்டி, "நான் என்ன தவறு செய்தேன்?" என்று மட்டும் கேட்டார். தொடர்ந்து ஆறு வார இறுதிகள் அவர் பெயரில் இருந்தன. தண்டனை என்று நினைத்துக்கொண்டிருந்தார். அவர் எதுவும் செய்யவில்லை. அவருடைய பெயர் பட்டியலில் இருந்த இடம், சம மதிப்புள்ள இரண்டு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது குறுக்கே வந்திருக்கிறது, அவ்வளவுதான். சுற்றுகளைப் போடுவது ஒரு கட்டம், அவற்றை ஆட்களுக்குப் பங்கிடுவது அடுத்த கட்டம். இரண்டாவது கட்டத்தில் செலவு ஏறக்குறைய முடிவாகிவிட்டிருக்கும். அங்கே மிஞ்சியிருப்பது நியாயம் மட்டுமே. அதை எழுதாமல் விட்டிருந்தோம்.

ரயில்கள் பக்கம் நான் போனதற்கு இதுவும் ஒரு காரணம். ரயில்களில் சுற்றுகள் பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடும், ஓட்டுநர் காலையில் கிளம்பிய டெப்போவுக்கே திரும்புவார். ஆனால் துண்டுகள் எண்ணற்றவை. வழியில் பல நிலையங்களில் ஓட்டுநர் மாறலாம். இந்த வழித்தடம் தெரிந்தவர், இந்த வகை எஞ்சின் ஓட்டத் தகுதி பெற்றவர் என்று ஒவ்வொரு துண்டுக்கும் நிபந்தனை. சாப்பாட்டு இடைவேளை அதற்கு வசதி உள்ள நிலையத்தில், டூட்டியின் நடுப்பகுதியில் விழ வேண்டும். 1994இல் இத்தாலிய ரயில்வே, இத்தகைய கணக்குகளை ஆய்வாளர்கள் முன் போட்டியாக வைத்தது: 5,000 நிரை, பத்து லட்சம் நிரல் அளவுக்குப் பெரியவை. கப்ராரா, ஃபிஷெட்டி, டோத் மூவரும் வென்றார்கள். அவர்கள் முறையின் உயிரும் விலைகளில்தான் இருக்கிறது. விலைகளைத் துல்லியமாகக் கணக்கிட்டுக்கொண்டிராமல், தோராயமாக வைத்துத் திருத்திக்கொண்டே போய், அந்த நேரத்தில் முக்கியமாகத் தெரியும் நிரல்களை மட்டும் கையில் வைத்துக்கொள்வார்கள்.

ஆனால் ரயில் உலகில் எனக்கு மிகவும் பிடித்த கதை நெதர்லாந்தில் நடந்தது. ரயில்கள் தாமதமாகின்றன, ஒரு தடத்தின் தாமதம் ஓட்டுநர்கள் வழியாக அடுத்த தடத்துக்குத் தொற்றுகிறது. எனவே ஓட்டுநர்களையும் கார்டுகளையும் சில தடங்களிலேயே போய் வர வைத்தால் தாமதம் பரவாது என்று அந்நாட்டு ரயில்வே திட்டமிட்டது. காகிதத்தில் அது அறிவார்ந்த யோசனை. ஊழியர்கள் அதற்கு வைத்த பெயர், தேவாலயத்தைச் சுற்றி ஒரு சுற்று. காலை முதல் மாலை வரை அதே தண்டவாளம், அதே நிலையங்கள். 2001இல் நாடு முழுவதும் வேலைநிறுத்தம் வெடித்தது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் எல்லாரிடமும் சொல்கிறேன். ஊழியர்களும் நிர்வாகமும் சேர்ந்து புதிய விதிகளை வகுத்தார்கள். ஆங்கிலக் கட்டுரைகளில் அதற்கு இனிப்பையும் புளிப்பையும் பகிர்தல் என்று பொருள்படும் பெயர். விரைவு ரயில்கள் இனிப்பு. பழைய பெட்டிகளும், தகராறு செய்யும் பயணிகள் நிறைந்த தடங்களும் புளிப்பு. எந்த டெப்போவும் இனிப்பை மட்டும் எடுத்துக்கொள்ளக்கூடாது, எந்த டெப்போவின் தலையிலும் புளிப்பு மட்டும் விழக்கூடாது. ஒவ்வொருவரின் டூட்டியிலும் வகை வகையான பயணம் இருக்க வேண்டும். இவ்வளவு சிக்கலான விதிகளைக் கையால் கடைப்பிடிக்க முடியாது. கணிதத்தால்தான் முடிந்தது. ஏறத்தாழ 6,500 ஓட்டுநர்கள், கார்டுகளுக்கான டூட்டிகளை அந்த இத்தாலிய மரபில் வந்த ஒரு மென்பொருளை வைத்துப் போட்டார்கள். செலவும் குறைந்தது, ரயில்களின் நேரம் தவறாமையும் மேம்பட்டது. வேலைநிறுத்தம் செய்தவர்கள் கேட்டது, அணியில் சில கூடுதல் நிரைகள். அவை முதலிலேயே இருந்திருக்கலாம்.

நிர்வாகங்களில் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இதெல்லாம் நல்லதுதான், ஆனால் செலவு எவ்வளவு ஏறும்? நிரையாக எழுதிவிட்டால் அதற்கும் விடை உண்டு, ஏனென்றால் நிரை என்று ஒன்று வந்துவிட்டால் அதற்கும் ஒரு நிழல் விலை வந்துவிடும். அந்த விலைகள் பெரும்பாலும் பயந்ததைவிட மிகக் குறைவாக இருப்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். சிறந்த விடை என்றால் ஊசிமுனை போல் ஒரே ஓர் இடம் என்று நினைக்கிறோம். இந்தக் கணக்குகளில் அது அகலமான சமவெளி. மிகச் சிறந்த விடைக்கு மயிரிழை தூரத்தில் எண்ணற்ற விடைகள் கிடக்கின்றன. சிலவற்றில் மனிதர்கள் தூங்குகிறார்கள், சிலவற்றில் தூங்குவதில்லை. செலவை மட்டும் பார்க்கும் கணினிக்கு இரண்டும் ஒன்று. தான் எங்கே போய் நிற்கிறது என்பதைப் பற்றி அதற்கு விருப்பு வெறுப்பு இல்லை.

உண்மையான விலை வேறோர் இடத்தில் வருகிறது, அது கணினியின் நேரம். சீட்டுகளைக் கிழிப்பது பற்றிச் சொன்னேன் அல்லவா? களைப்பைக் கணக்கில் சேர்த்தால் ஒவ்வொரு சீட்டும் நேற்று எத்தனை மணிக்குத் தொடங்கினார், இந்த வாரம் எத்தனை அதிகாலைகள் என்பதையும் சுமக்க வேண்டும். எண்கள் கூடக் கூட, எல்லாவற்றிலும் மோசமான சீட்டு அரிதாகிவிடுகிறது. கிழிக்க முடியாமல் சீட்டுகள் குவிகின்றன. ஓட்டம் ஒரு மணி நேரத்திலிருந்து ஓர் இரவுக்கு நீள்கிறது. ஓர் ஓட்டுநர் தூங்குவதற்காக இயந்திரம் ஓர் இரவு விழித்திருக்கட்டும். அதில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை.

திட்டம் நடைமுறையில் உடையும்போது மட்டும் அந்த இரவு கிடைக்காது. புயல் வந்து விமானங்கள் நின்றுவிட்டால், அதே கணக்கை நிமிடங்களில் தீர்க்க வேண்டும். அதற்கு முதலில் யார் எங்கே இருக்கிறார் என்று தெரிந்திருக்க வேண்டும். 2022 டிசம்பர் இறுதியில் அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனம் பனிப்புயலுக்குப் பின் ஏறத்தாழ 16,700 விமானங்களை ரத்து செய்தது. விமானிகளும் பணிப்பெண்களும் தாங்கள் எந்த ஊரில் இருக்கிறோம் என்று சொல்லவே தொலைபேசியில் மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். ஆட்கள் இருந்தார்கள், விமானங்கள் இருந்தன, இரண்டையும் சேர்க்கும் அணியின் எண்கள் மட்டும் உலகத்தோடு ஒட்டாமல் போய்விட்டன. அடுத்த ஆண்டு அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை 14 கோடி டாலர் அபராதம் விதித்தது. திட்டம் போடும்போதே உடையாமல் பார்த்துக்கொள்ளும் வழிகளில் எனக்குப் பிடித்தது எளிமையானது: குழு விமானம் மாற வேண்டிய இடத்தில் இடைவெளி குறைவாக இருந்தால் அந்த இணைப்புக்குக் கூடுதல் செலவு வைப்பது. குழு தன் விமானத்தோடே போனால் அந்தக் கூடுதல் இல்லை. விமானம் தாமதமானால் குழுவும் சேர்ந்து தாமதமாகும், ஆனால் இன்னொரு விமானம் காத்திருக்காது.

பென்சில் வட்டம் போட்டவர் ஓய்வு பெற்றுவிட்டார். அந்தத் தாளை நான் வைத்திருக்கிறேன். இப்போது நான் பார்க்கும் ரயில் வேலையில், போன மாதம் ஓர் ஓட்டுநர் தன் நான்கு வார டூட்டியைக் கொண்டுவந்தார். திங்கள் எட்டு, செவ்வாய் ஏழு, புதன் ஆறு, வியாழன் நான்கரை. அதே படிக்கட்டு, அதே இறக்கம். அவரிடம் பேசி ஒரு நிபந்தனையை எழுதிக்கொண்டேன்: ஒரு வாரத்துக்குள் தொடக்க நேரம் முந்தைய நாளைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்னால் வரக்கூடாது, வாரம் முழுவதிலும் சேர்த்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் இறங்கக்கூடாது. ஒவ்வொரு டெப்போவுக்கும் ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு நிரையாகச் சேர்த்து, நேற்று மாலை ஓட்டத்தைத் தொடங்கிவிட்டுப் படுத்தேன்.

காலையில் விலைகளை அச்சிட்டேன். அவருடைய டெப்போவின் நான்கு வாரங்களில் மூன்றுக்கு விலை சுழியம். அந்த வாரங்களில் அவருடைய உறக்கம் யாருக்கும் ஒரு காசு செலவு வைக்கவில்லை. இத்தனை காலமும் அது இலவசமாகவே கிடைத்திருக்கும். மூன்றாவது வாரத்துக்கு மட்டும் ஒரு விலை இருக்கிறது. தாளில் அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு, அந்த வாரத்தில் எந்த ரயில் அதிகாலையில் இழுக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். 05:12 என்று தோன்றுகிறது.